காய்ச்சல் விட்ட பிறகு வந்த நெஞ்சுவலி

தம்பிக்கு 23 வயது, வாலிபால் ஆடுகிறவன். நாலு நாள் வைரஸ் காய்ச்சல் அடித்து விட்டது. அடுத்த வாரம் ஒரு ராத்திரி எழுந்து உட்கார்ந்துகொண்டான். "அக்கா, படுத்தா நெஞ்சு வலிக்குது. முன்னால குனிஞ்சா கொஞ்சம் பரவாயில்ல."

பக்கத்து கிளினிக்கில் கேஸ் என்று ஊசி போட்டார்கள். காய்ச்சல் வந்ததைச் சொன்னேன். "அதான் போயிடுச்சேம்மா" என்றார் டாக்டர். அந்த வார்த்தையை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. அவனுக்கு வந்தது இதயத் தசை அழற்சி; காய்ச்சல் போன பிறகுதான் இந்த நோய் பெரும்பாலும் தலைகாட்டும். இளவயசு, சமீபத்தில் காய்ச்சல், இப்போது நெஞ்சுவலி என்றால் இ.சி.ஜி.யும், இதயத் தசை பாதித்தால் ரத்தத்தில் ஏறும் ட்ரோபோனின் டெஸ்ட்டும் எடுக்கச் சொல்லி விடாப்பிடியாகக் கேளுங்கள்.

மறுநாள் மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கியது, படபடப்பு வேறு. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ட்ரோபோனின் எக்கச்சக்கம். ஹார்ட் அட்டாக் என்று ஆஞ்சியோ செய்தார்கள், அடைப்பே இல்லை. எக்கோவில் இ.எஃப்., அதாவது இதயம் ஒரு துடிப்பில் வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம், 42. அது 55க்கு மேல் இருக்க வேண்டும். மயோகார்டைட்டிஸ், அதாவது இதயத் தசை அழற்சியாக இருக்கலாம் என்றார் கார்டியாலஜிஸ்ட். வைரஸும் தசையைக் கெடுக்கும், அதை விரட்டக் கிளம்பும் எதிர்ப்புச் சக்தியும் சேர்ந்து புண்ணாக்கும். காக்ஸாக்கி, அடினோ, பார்வோ என்று பல வைரஸ்கள். டெங்கு, கொரோனாவிலும் வரலாம், சில மருந்துகளாலும் வரலாம். தசையில் துணுக்கு எடுக்கும் பயாப்ஸி இவனுக்கு வேண்டாம், கார்டியாக் எம்.ஆர்.ஐ. போதும், ஆனால் வீக்கம் வடிவதற்குள் எடுத்துவிடுங்கள் என்றார்.

அங்கேதான் அலைச்சல். எல்லா ஸ்கேன் சென்டரிலும் இதயத்துக்கு எடுக்க மாட்டார்கள். விசாரித்து, டாக்ஸி பிடித்து ரெண்டு மணி நேரம் போனோம். "கிரியாட்டினின் ரிப்போர்ட் எங்கே? அது இல்லாம மருந்து ஏத்த முடியாது" என்றார் கவுன்டரில் இருந்தவர். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அது. அங்கேயே ரத்தம் எடுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். அடுத்த தேதி நாலு நாள் கழித்து என்று சீட்டை நீட்டினார். போனில் பதிவு செய்தபோது ஒருவரும் இதைச் சொல்லவில்லை. நீங்கள் கேட்டுவிட்டுப் போங்கள்.

இன்னொன்று, என் கவனக்குறைவு. முதல் இ.சி.ஜி. தாளை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்திருந்தேன். அது சூட்டில் கறுக்கும் தாள். ஒப்பிட்டுப் பார்க்க டாக்டர் கேட்டபோது விரித்தேன்; கோடே தெரியாமல் சாம்பல் பூத்துக் கிடந்தது. கேஷுவாலிட்டிக்கு ஓடினேன். அன்று ட்யூட்டியில் இருந்த சின்ன டாக்டரம்மா, கார்டியாலஜிஸ்டுக்கு வாட்ஸப்பில் அனுப்பிய போட்டோவைத் தேடி எடுத்துக் கொடுத்தார். கையெடுத்துக் கும்பிட்டேன். இப்போதெல்லாம் இ.சி.ஜி. கைக்கு வந்ததும் ஜெராக்ஸ் கடைக்குத்தான் முதலில் போகிறேன்.

ஸ்கேனில் தழும்பு தசையின் வெளிப்பக்கம் இருந்தது. மாரடைப்பில் அது உள்பக்கமிருந்து தொடங்குமாம். நோய் உறுதியானது.

மூன்று மாதம் மாத்திரை, ஓய்வு. போன வாரம் எக்கோவில் 57! ஆனாலும் ஹோல்ட்டர் (உடம்பில் மாட்டி நாள் முழுக்க எடுக்கும் இ.சி.ஜி.), ட்ரெட்மில் டெஸ்ட் பார்த்த பிறகுதான் ஆட்டம் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். பந்தை நான் பீரோவுக்கு மேலே தூக்கி வைத்திருக்கிறேன்.