அம்மாவின் இஞ்ச் டேப்

8 மார்ச் 2025

இருமலுக்கு மருந்து வாங்க புளோக்குக்குக் கீழே இருக்கும் கிளினிக்குக்குப் போனேன். அப்படியே சர்க்கரை, கொழுப்பு பார்க்க ரத்தம் எடுக்கலாமா என்று கேட்டேன். எனக்கு 28 வயது, 150 செ.மீ. உயரம், 48 கிலோ. டாக்டர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "உங்களுக்கு எதற்கு இப்போதே?" என்றார். சிங்கப்பூர் அரசின் ஹெல்தியர் எஸ்ஜி உடல்நலத் திட்டமும் 40 வயதில்தான் தொடங்குகிறது, அதனால் அவருக்கு அப்படித் தோன்றியிருக்கலாம். சின்ன வயதில் ரத்தப் புற்றுநோய் என்றேன். "அதுதான் குணமாகிவிட்டதே" என்றார். எதைக் கொடுத்துக் குணமாக்கினார்கள் என்று கேட்கவில்லை. வருத்தமாக இருந்தது.

9 மார்ச்

பழைய கோப்பை அம்மா ஒரு நூல் புடவையில் சுற்றி அலமாரி மேல்தட்டில் வைத்திருந்தார். 2003இல் முதல் முறை, 2006இல் திரும்ப வந்தது. அப்புறம் அண்ணனின் எலும்பு மஜ்ஜை. அதைச் செலுத்துவதற்கு முன் உடல் முழுக்கக் கதிர்வீச்சு: மொத்தம் 12 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), தினம் இரண்டு வேளை, மூன்று நாள்.

அந்தக் கதிர்வீச்சு இன்சுலின் சுரக்கும் கணையத்தையும் விடவில்லை, தசையையும் விடவில்லை. தசை குறைந்து, கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேரும். எடைத் தராசில் தெரியாது. ஒல்லியாக இருப்பவருக்கும் நீரிழிவு வரும். அதனால்தான் இந்தச் சிகிச்சை பெற்றவர்கள் என்ன வயதானாலும் இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவையாவது வெறும் வயிற்றுச் சர்க்கரையையோ எச்பிஏ1சியையோ (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) பார்க்க வேண்டும். நான் கடைசியாகப் பார்த்தது 21 வயதில். குழந்தைகள் பிரிவிலிருந்து வெளியே வந்த பிறகு யாரும் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை.

இரவு அம்மாவிடம் இஞ்ச் டேப் கேட்டேன். ரவிக்கை தைக்கும் அதே மஞ்சள் டேப், முனையில் எண் அழிந்து போயிருக்கும். "மூச்சை இழுக்காதே" என்று அவரே என் இடுப்பை அளந்தார். 83 செ.மீ. ஆசியப் பெண்களுக்கு 80க்குள் இருக்க வேண்டும் என்று சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. "நீ மெலிஞ்சுதானேம்மா இருக்கே?" டேப்பை இறுக்கிப் பிடித்து இன்னொரு தடவை அளந்தார். அதே 83.

13 மார்ச்

கோப்போடு வேறு மருத்துவரிடம் போனேன். கதிர்வீச்சுப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். வேறு பேச்சே இல்லை, ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டார்.

20 மார்ச்

வெறும் வயிற்றுச் சர்க்கரை லிட்டருக்கு 6.3 மில்லிமோல். இங்கே 6.1 முதல் 6.9 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை, 7 தொட்டால் நீரிழிவு. ரத்தத்தில் இருக்கும் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு 2.4, அதுவும் அதிகம். அடுத்த வாரம் குளுக்கோஸ் கரைசல் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். இதயத்துக்கும் ஒரு எக்கோ ஸ்கேன் எழுதியிருக்கிறார், இதயத்தைப் பாதிக்கக்கூடிய டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து சின்ன வயதில் ஏறியிருப்பதால்.

அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "நான்தான் கண்டதையும் ஊட்டினேனோ" என்றார். அது எனக்குத் தாங்கவில்லை. ஸ்டீராய்டு கொடுத்த நாட்களில் இரவு இரண்டு மணிக்கு எழுந்து பசிக்குது என்று அழுவேன். அம்மா தூக்கக் கலக்கத்தோடு இட்லி அவித்துத் தருவார். அந்த இட்லியா இதைச் செய்தது? கோப்பைத் திறந்து, 12 கிரே என்ற வரியில் விரல் வைத்துக் காட்டினேன்.

27 மார்ச்

இரண்டு மணி நேரத்துக்குப் பின் 9.8. 7.8க்குக் கீழே இருக்க வேண்டும், 11.1 வந்தால் நீரிழிவு. இப்போதைக்கு மாத்திரை இல்லை. தசையை வளர்க்கும் பயிற்சி வாரம் இரண்டு நாள், ரத்தப் பரிசோதனை இனி வருடா வருடம். நடை மட்டும் போதாது என்று அழுத்திச் சொன்னார்.

30 மார்ச்

லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவில் காலைச் சாப்பாடு. நான் தே ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) சொன்னேன், அம்மாவும் தனக்கு அதையே சொன்னார். வரும் வழியில் கோப்பின் சுருக்கப் பக்கத்தை நான்கு பிரதி எடுத்தோம். ஒன்று கிளினிக்குக்கு, ஒன்று அண்ணனுக்கு, ஒன்று எனக்கு. நான்காவதை அம்மா எட்டாக மடித்துத் தன் அடையாள அட்டைக்குப் பின்னால் செருகிக்கொண்டார்.