ஒரு சொல்லுக்கு இரண்டு வெட்டு

அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு. அறிவியல் பாடத்தில் வரும் நீளநீளமான ஆங்கிலச் சொற்களை வாசிக்க உதவப் போய், அவற்றைத் துண்டு போடுவது எனக்கே பொழுதுபோக்காகிவிட்டது.

இந்த முறை எடுத்தது ஃப்ளூரோசிஸ். தருமபுரிக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு கூடுதல், பல்லில் பழுப்புக் கறை. 2013ல் தொடங்கிவைத்த ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே 'ஃப்ளூரோசிஸ்' இருக்கிறது.

வாய்க்கு வெட்டினால் ஃப்ளூ-ரோ-சிஸ். பொருளுக்கு வெட்டினால் ஃப்ளூர், ஓசிஸ். ஓசிஸ் என்றால் நோய்நிலை. டியூபர்குலோசிஸின் வாலும் அதுதான்.

"மாமா, அந்த 'ர்' எந்தப் பக்கம் போகும்?" என்றாள்.

பாலாடை என்று எழுதிக் காட்டினேன். அசை பிரித்தால் பா-லா-டை, சொல்லைப் பிரித்தால் பால், ஆடை. சட்டென்று பிடித்துக்கொண்டாள். அதிலிருந்து நோட்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு வரி: மேலே வாய், கீழே பொருள்.

இதில் ராஜா ஹெலிகாப்டர்தான். ஹெலி, காப்டர் என்றுதான் எல்லாரும் உடைப்போம். கிரேக்க மூலப்படி ஹெலிகோ என்பது சுருள், ப்டர் என்பது சிறகு. டைனோசர் காலத்துப் பறக்கும் ஊர்வனமான டெரோடாக்டில் பெயரின் தலையிலும் அதே சிறகு உண்டு. ஆங்கிலத்தில் அங்கே 'ப்' எழுத்தோடு சரி, வாயில் வராது.

வாய் வரிக்குக் குறில் நெடில் நன்றாகக் கைகொடுக்கிறது. உயிரொலிகளுக்கு நடுவே இரண்டு மெய் வந்தால் பெரும்பாலும் நடுவில் வெட்டு: பென்-சில், டென்-டிஸ்ட். ஒரே மெய் வந்தால் முன்னொலியைப் பார்க்க வேண்டும். டைகரில் அது நீளம், எனவே டை-கர். லெமனில் குறில், அகராதி லெம்-அன் என்று வெட்டும். நம் காதுக்கு லெ-மன்தான் சரியாகப் படும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. எல்லாச் சொல்லும் இதற்கு அடங்காது. தொடங்குவதற்கு இது போதும்.

'ஷன்' என்று முடிந்தால் அழுத்தம் அதற்கு முந்தைய துண்டில்: எஜுகேஷனில் 'கே', இன்ஃபெக்ஷனில் 'ஃபெக்'. இது அவளுக்கு ஒரே மாலையில் வந்துவிட்டது.

வெஜிடபிள்தான் இழுபறி. எழுத்தில் நாலு துண்டு, ஆங்கிலேயர் பேச்சில் மூன்று. வாய் வரியில் மூன்றே போட்டிருக்கிறோம். ஸ்பெல்லிங் எழுதும்போது மட்டும் வெ-ஜெ-டே-பிள் என்று நாலாக முணுமுணுத்துக்கொள்கிறாள்.