கிராஞ்சியில் சின்னத் தாத்தாவின் பெயர்

எங்கள் வீட்டில் சின்னத் தாத்தாவுக்குப் படம் கிடையாது. தாத்தாவின் கடைசித் தம்பி அவர். மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் சேர்ந்து, இரண்டாம் உலகப் போர் சமயத்தில் மலாயாவுக்குக் கப்பலேறியவர் திரும்பவே இல்லை. ‘காணவில்லை’ என்று முதலில் ஒரு தந்தி வந்ததாம். போர் முடிந்து பென்ஷன் காகிதம் வந்தது. அவ்வளவுதான் செய்தி. வருஷா வருஷம் படையலில் மற்றவர்களின் படங்களுக்குப் பக்கத்தில் சின்னப் பாட்டி ஒரு புது வேட்டியை மடித்து வைப்பார். அதுதான் அவர்.

வேலூர்ப் பக்கத்தில் இது அபூர்வமான கதை இல்லை என்று நம் பள்ளியில் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பிய ஊர்கள் நம்மைச் சுற்றி இருக்கின்றன. அப்பா லீவில் வரும் தேதியை எண்ணிக்கொண்டிருந்த பையன்கள் நம் வகுப்பிலேயே எத்தனை பேர்!

லாங் பஜார் மணிக்கூண்டுக்கு நம்மை அழைத்துப்போன வரலாற்று சாரை நினைவிருக்கிறதா? அங்கே பதித்திருக்கும் கல்லை உரக்கப் படிக்கச் சொன்னார். 1914-19 மகா யுத்தத்துக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்கிறது ஆங்கிலத்தில் வெட்டிய அந்தக் கல். “சரி, அந்தப் பதினாலு பேர் யாருடா?” என்று கேட்டார் சார். யாருக்கும் தெரியவில்லை. சாரும் சொல்லவில்லை. கல்லிலும் இல்லை.

சின்னப் பாட்டி போன பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியில் பென்ஷன் புத்தகம் கிடைத்தது. அதில் சின்னத் தாத்தாவின் படை எண் இருந்தது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் அந்த எண்ணோடு தேடினேன். வந்துவிட்டது. இறந்த நாள் 15 பிப்ரவரி 1942, அதாவது சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்த அன்று. அப்பா பெயர், ஊர், வட ஆற்காடு. “இன்னாரின் கணவர்” என்று சின்னப் பாட்டியின் பெயரும் இருந்தது. பாட்டி இருந்தபோதே இதைத் தேடிப் படித்துக்காட்டியிருந்தால் என்ற ஏக்கம் இன்னும் தீரவில்லை.

சென்னையிலிருந்து மெல்பர்ன் திரும்பும் வழியில் சிங்கப்பூரில் ஒரு பகல் கிடைத்தது. சாங்கி விமான நிலையத்திலிருந்து ரயிலேறி, தானா மேராவிலும் ஜூரோங் ஈஸ்ட்டிலும் மாறினால் கிராஞ்சி. அங்குள்ள போர்க் கல்லறையில்தான் சின்னத் தாத்தாவின் பெயர் இருப்பதாக ஆணையத்தின் பதிவு சொன்னது. நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். புல் சரிவில் வரிசை வரிசையாக வெள்ளைக் கற்கள், 4,400க்கும் மேல். அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல்தான். உச்சியில் 1957இல் திறந்த நினைவுச் சின்னம்: பன்னிரண்டு பெரிய தூண்கள், மேலே விமான இறக்கை போல ஒரு கூரை. உடல் கிடைக்காத 24,000க்கும் அதிகமானவர்களின் பெயர்கள் அந்தத் தூண்களில்தான் இருக்கின்றன. அங்கிருந்து வடக்கே ஜொகூர் நீரிணை. மலாயாவிலிருந்து பின்வாங்கிய பிரிட்டிஷ் படை 1942 ஜனவரி 31 அன்று, சிங்கப்பூரை மலாயாவோடு இணைத்த கடற்பாலத்தை வெடிவைத்துப் பிளந்தது அந்தப் பக்கம்தான். பாலம் போடுவதும் தகர்ப்பதும் சாப்பர்களின் வேலை. சின்னத் தாத்தா எந்தப் பாலத்தில் நின்றாரோ.

தூணின் எண்ணைக் குறித்துவைத்திருந்தேன். முதலில் படைப்பிரிவு, அதற்குள் பதவி, அதற்குள் அகரவரிசையில் பெயர்கள். சாப்பர்ஸ் வரிசையில் விரலை வைத்துக்கொண்டே வந்தேன். நம்மூர்ப் பெயர்கள்! ஹாஜர் எடுப்பதுபோல ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும் பெயர்தான் அவருடையதும். அதே பெயரில் இன்னொரு சாப்பரும் இருந்திருக்கிறார். அதனால் இருவர் பெயருக்கும் பக்கத்தில் படை எண்ணையும் வெட்டியிருக்கிறார்கள். பென்ஷன் புத்தகத்தில் பார்த்த அதே எண். எங்கள் வீட்டு மனிதர் இன்னொருவரோடு கலந்துபோகாமல் இருக்க யாரோ ஒரு கல்தச்சர் அத்தனை இலக்கத்தையும் பொறுமையாகச் செதுக்கியிருக்கிறார். அந்த இலக்கங்களைத் தடவியபோதுதான் எனக்கு அழுகை வந்தது. அப்புறம் பையிலிருந்த புது வேட்டியைத் தூணடியில் வைத்துக் கும்பிட்டேன்.

முதல் உலகப் போரில் செத்த நம்மவர்கள் பலருக்கு இது கிடைக்கவில்லை. இராக்கிலுள்ள பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பெயர்கள் உண்டு. இந்தியரில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர், சாதாரணச் சிப்பாய்கள் படைப்பிரிவுக்கு இத்தனை பேர் என்று வெறும் எண்ணிக்கை. இந்த அநீதியை ஒப்புக்கொண்டு ஆணையம் மன்னிப்புக் கேட்டது 2021இல்தான். நம் மணிக்கூண்டுக் கல்லும் அந்தக் காலத்துக் கல்தான். பெற்றவர்கள் பெயர் வைத்துக் கூப்பிட்ட பிள்ளைகளை எண்ணிக்கையாக விட்டுவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதனால் நம் பழைய மாணவர் சங்கத்து நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் போருக்குப் போய்த் திரும்பாதவர் இருந்தால், பழைய பெட்டிகளில் பென்ஷன் புத்தகமோ பதக்கமோ இருக்கிறதா என்று பாருங்கள். பதக்கத்தின் விளிம்பில் படை எண் வெட்டியிருக்க வாய்ப்புண்டு. எண் கிடைத்தால் ஆணையத்தின் பதிவில் தேடுவது சுலபம்; பெயரை மட்டும் வைத்துத் தேடுவதானால் ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதிப் பாருங்கள். கிடைப்பதை நம் சங்க மலர்க் குழுவுக்கு அனுப்புங்கள். அந்த 14 பேரில் ஒருவர் உங்கள் வீட்டவராக இருந்தால் முதலில் எனக்கு ஒரு போன் போடுங்கள்.