வடிகால் போகும் வழி

இறால் பண்ணைக்கு யார் வந்தாலும் முதலில் குளத்தைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் சுற்றுகிறதா, தண்ணீர் என்ன நிறம், இறால் தின்கிறதா என்று பார்க்க இறக்கிவைக்கும் செக் ட்ரேயில் தீவனம் மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கும் அதுதான் பழக்கம். இப்போது எந்தப் பண்ணைக்குப் போனாலும் முதலில் வடிகாலைத் தேடிப் போகிறேன். குளத்துத் தண்ணீர் எந்தப் பக்கம் வெளியேறுகிறது, யாருடைய நிலத்தைத் தாண்டிப் போகிறது, எந்த ஆற்றில் கலக்கிறது, அதே ஆற்றில் அடுத்த பண்ணைக்காரர் எங்கே மோட்டார் வைத்திருக்கிறார். இவ்வளவும் தெரிந்துவிட்டால் அந்தப் பண்ணையைப் பற்றி முக்கால்வாசி தெரிந்த மாதிரி.

வேதாரண்யம் பக்கத்துப் பண்ணைகளில் டெக்னீஷியன் வேலை என்பது விடியற்காலை வேலை. இரவு முழுக்கப் பாசியும் இறாலும் அடிச்சேறும் சேர்ந்து நீரில் இருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டே இருக்கும். வெயில் ஏறிய பிறகுதான் பாசி அதைத் திரும்பக் கொடுக்கத் தொடங்கும். அதனால் பொழுது விடிவதற்குச் சற்று முன்னால்தான் குளம் மிகவும் பலவீனமாக இருக்கும். மீட்டரில் ஆக்சிஜன் 4 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு 4 மில்லிகிராம்) கீழே இறங்கிவிட்டால் மிச்சமுள்ள ஏரேட்டர்களையும் ஓடிப்போய்ப் போட வேண்டும். கரண்ட் போனால் ஜெனரேட்டர் உடனே எடுக்க வேண்டும். இறால் கரையோரம் ஒதுங்கி மேலே வர ஆரம்பித்துவிட்டால் அப்புறம் கையில் இருப்பது நிமிடங்கள்தான்.

அது முடிந்தால் தீவனக் கணக்கு. வன்னாமி என்ற வெளிநாட்டு வகை இறால் ஒரு கிலோ வளர ஏறக்குறைய 1.2 முதல் 1.5 கிலோ வரை தீவனம் போகிறது. நல்ல பண்ணைக்காரருக்கு இந்த எண்தான் உயிர். ஏனென்றால் செலவில் பாதிக்கு மேல் தீவனமே. ஆனால் இந்த எண்ணை நான் பார்க்கும் விதம் கொஞ்சம் வேறு. தீவனத்தில் இருக்கும் நைட்ரஜனில் பெரும்பகுதி இறாலின் உடம்பில் சேர்வதே இல்லை. எச்சமாக, தின்னாமல் கரைந்ததாக, உரித்துப் போட்ட ஓடாக அது நீருக்கும் சேற்றுக்கும்தான் போகிறது. ஏரேட்டர் சுழற்சியில் இந்தக் கசடெல்லாம் குளத்தின் நடுவில் வந்து குவியும். கம்பு விட்டுக் கிளறினால் கரேலென்று, அழுகிய முட்டை நாற்றத்தோடு மேலே வரும்.

அறுவடை நாளில் எல்லாரும் கவுண்ட் பார்ப்பார்கள், கிலோவுக்கு எத்தனை இறால், முப்பதா நாற்பதா என்று. விலை பேசுவார்கள், ஐஸ் உடைப்பார்கள். நான் அன்று மதகுப் பக்கம் நிற்பேன். முதலில் போகும் தண்ணீர் அவ்வளவு மோசமில்லை. கடைசியில், குளம் வற்றும்போது போகும் தண்ணீரில்தான் கசடு முழுவதும் இருக்கும். அந்தக் கடைசித் தண்ணீரை நேரே ஆற்றில் விடுகிறாரா, ஒரு குளத்தில் தேக்கித் தெளியவைத்து விடுகிறாரா என்பதில்தான் பொறுப்பு இருக்கிறது என்று நான் நம்புகிறேன். மிச்சமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்த வட்டாரத்துக்கு இது புதிய பாடம் இல்லை. 1990களின் தொடக்கத்தில் வரி இறால் (டைகர் இறால்) வளர்ப்பு இங்கே வேகமாகப் பரவியது. நெல் விளைந்த நிலங்களில் உப்புத் தண்ணீர் தேங்கியது. பக்கத்து ஊர்க் கிணறுகள் உவர்த்தன. கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவர் கணவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் ஊர் ஊராகப் போய் மக்களைத் திரட்டினார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பாரம்பரிய முறை தவிர்த்த இறால் குளங்களைக் கடலோர ஒழுங்குமுறைப் பகுதியில் வைக்கக் கூடாது, விளைநிலத்தையும் அலையாத்திக் காட்டையும் பண்ணையாக்கக் கூடாது என்றது. அதன் பின்தான் 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது, பண்ணைகளுக்குப் பதிவு கட்டாயமானது.

என் தொழிலில் இருப்பவர்கள் பலர் அந்த வழக்கை இன்றும் பகையோடுதான் பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாய்க்காலோரம் ஆடு மேய்க்கும் ஒரு அம்மா என்னிடம், "எங்க கெணத்துத் தண்ணியில பருப்பு வெந்த காலம் ஒண்ணு இருந்துச்சு தம்பி" என்றார். சுனாமியும் கடல்நீர் ஊடுருவலும் இந்தக் கரையை உப்பாக்கியதில் பங்குண்டு, எல்லாவற்றையும் இறால் தலையில் கட்ட முடியாது. ஆனால் நம் பங்கு இல்லை என்றும் அவரிடம் சொல்ல முடியாது.

அதே காலத்தில் தொழிலுக்கும் ஒரு அடி விழுந்தது. 1994-95இல் வெள்ளைப்புள்ளி நோய் கிழக்குக் கடற்கரை முழுவதும் பரவியது. அது வைரஸ், மருந்து கிடையாது. நோய் வந்த குளத்தின் தண்ணீரும் நண்டும் பறவையும் அதை அடுத்த குளத்துக்குக் கொண்டுபோகும். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. ஒரு பண்ணையின் வடிகால்தான் அடுத்த பண்ணையின் வாய்க்கால். ஊருக்குக் கேடு செய்த அதே கதவுதான் பண்ணைக்காரருக்கும் கேடு செய்தது. நோய் கண்ட குளத்தை மூடி, பிளீச்சிங் பவுடர் போட்டு, வைரஸ் செத்த பிறகுதான் தண்ணீரைத் திறக்க வேண்டும். ஒரு பண்ணையில் அப்படிச் செய்யாமல் இரவோடு இரவாகத் திறந்துவிட்டார்கள். கீழே இருந்த குளங்களில் இறால் வரிசையாகக் கரை ஒதுங்கியதை நான் பார்த்தேன். கடன் வாங்கிக் குஞ்சு விட்டிருந்தவர்கள் அவர்கள்.

2009-இல் வன்னாமி வந்தது. பசிபிக்கின் லத்தீன் அமெரிக்கக் கரைக்குச் சொந்தமான இறால் இது. நோயில்லாத தாய் இறால்களை இறக்குமதி செய்து, சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்திச் சோதித்த பிறகே குஞ்சு பொரிக்கும் ஹேட்சரிகளுக்குக் கொடுத்தார்கள். விதிகளும் அப்போது கறாராக இருந்தன. சதுர மீட்டருக்கு 60 குஞ்சுகளுக்கு மேல் விடக் கூடாது. பண்ணை சிறிதோ பெரிதோ, கழிவுநீரைத் தெளியவைக்கும் குளம் இருந்தே ஆக வேண்டும். காகிதத்தில் எல்லாரிடமும் அந்தக் குளம் உண்டு. விலை ஏறும் வருஷத்தில் அதிலும் குஞ்சு விட்டுவிடுகிறார்கள். "சும்மா கிடக்கிற தண்ணி சார்" என்பார்கள். இதை எதிர்த்து நான் வாதாடுவதை விட, ஒரு பண்ணைக்காரர் செய்து காட்டியது நன்றாக வேலை செய்தது. அவர் அந்தக் குளத்தில் பால்கெண்டையும் மடவையும் விட்டார். இரண்டும் பாசியையும் அடியில் படிந்ததையும் மேய்ந்து வளர்பவை, தனித் தீவனம் அதிகம் கேட்காதவை. தண்ணீர் தெளிந்தது, மீனும் விற்றது. பக்கத்தில் இருப்பவர்கள் அதன் பிறகு என்னிடம் மீன் குஞ்சு எங்கே கிடைக்கும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். பால்கெண்டையைச் செயற்கையாகக் குஞ்சு பொரிக்க வைத்ததில் சென்னையில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்துக்குப் பெரிய பங்குண்டு. என் பார்வையில் இந்தக் கரைக்கு அவர்கள் செய்த மிக நல்ல காரியங்களில் அது ஒன்று.

ஆன்டிபயாடிக் பற்றியும் சொல்ல வேண்டும். குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் இரண்டும் மீன்வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை. இறால் சாகத் தொடங்கியதும் பயத்தில் யார் எந்தப் பொட்டலத்தைக் கொடுத்தாலும் கொட்டிவிடும் நிலைமை இன்னும் இருக்கிறது. லேபிளே இல்லாத பொட்டலங்கள் அவை. வெளிநாட்டுக்குப் போகும் இறாலை அறுவடைக்கு முன்பே எடுத்துச் சோதிக்கிறார்கள், எச்சம் இருந்தால் வாங்க மாட்டார்கள். நம் ஊர்ச் சந்தைக்கு வருவதை அந்த அளவுக்கு யாரும் சோதிப்பதில்லை. ஜப்பான்காரர் தட்டுக்கு ஒரு கவனம், நம் பிள்ளைகள் தட்டுக்கு ஒரு கவனம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்று எனக்குத் தூக்கத்தைக் கெடுப்பது. வளர்ப்பு மீன் சாப்பிட்டால் கடல் தப்பிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். தீவன மூட்டைக்குள் இருக்கும் மீன்தூள் கடலில் இருந்துதான் வருகிறது. ஒரு கிலோ மீன்தூளுக்கு நாலைந்து கிலோ பச்சை மீன் வேண்டும். மேற்குக் கரையில் மத்தி அதற்குப் போகிறது. இந்தப் பக்கம் விசைப்படகு மடியில் சங்காயம் என்று அள்ளி வரும் பொடிமீனும் போகிறது. சங்காயத்தைக் கையில் எடுத்துப் பிரித்துப் பார்த்தால், விட்டிருந்தால் வளர்ந்து நாலு பேர் சாப்பிட்டிருக்கக் கூடிய மீனின் குஞ்சுகள் அதில் கிடக்கும். சோயா, பருப்பு வகைகளைக் கொண்டு மீன்தூளைக் குறைத்த தீவனங்கள் வந்திருக்கின்றன. பண்ணைக்காரரிடம் முதலில் அதைத்தான் நான் கேட்கச் சொல்கிறேன்.

வீட்டில் சொந்தக்காரர்கள் கூடினால், "நீ மீன்காரன்தானே, எதைத்தான் வாங்கறது?" என்று கேட்பார்கள். நான் சொல்வது இதுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. அந்த நாட்களில் நாட்டுப்படகு கொண்டுவரும் மீன் கொஞ்சமாக, விலை கூடுதலாக இருக்கும். அதை வாங்குங்கள். வஞ்சிரக் குட்டி, சினை நண்டு வேண்டாம். மத்தியும் நெத்திலியும் மூட்டையாகித் தீவனமாவதற்குப் பதில் நம் சட்டியில் வேகட்டும், அதை விடச் சத்தும் மலிவும் எதில் இருக்கிறது? வளர்ப்பு மீனில் ரோகு, கட்லா, பால்கெண்டை நல்லவை. மீன்தூள் அதிகம் கேட்காமலே வளர்கின்றன. மட்டி, ஆளி போன்றவை தீவனமே கேட்காமல் தண்ணீரை வடிகட்டியே வளர்கின்றன. கொடுவா ருசியான மீன்தான், எனக்கும் பிடிக்கும், ஆனால் அது மாமிசம் தின்னும் மீன் என்பதைத் தெரிந்து வாங்குங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி மட்டும் வேண்டவே வேண்டாம். 2000-இல் மத்திய அரசு தடை செய்தும் இன்னும் சந்தையில் கிடக்கிறது. வெள்ளத்தில் குளம் உடைந்தால் ஏரிக்குள் புகுந்து நம் நாட்டு மீன்களைத் தின்று தீர்த்துவிடும்.

இறால் வேண்டும் என்றால் பண்ணை எது என்று கேளுங்கள் என்பேன். கடைக்காரருக்குப் பெரும்பாலும் தெரியாது. பரவாயில்லை, கேட்கட்டும். நாலு பேர் கேட்டால் அவர் ஏஜென்டிடம் கேட்பார், ஏஜென்ட் எங்களிடம் கேட்பார். ஏற்றுமதிக்காரர்கள் கேட்க ஆரம்பித்ததால்தான் பண்ணைகளில் கணக்கு எழுதும் நோட்டுப் புத்தகமே வந்தது.

இப்போது நாங்கள் ஒரே வாய்க்காலை நம்பியிருக்கும் பண்ணைகளை ஒரு சங்கமாகச் சேர்த்திருக்கிறோம். எல்லாரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் குஞ்சு விட வேண்டும். அறுவடைக்குத் தண்ணீர் திறப்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். நோய் கண்டால் மறைக்காமல் அன்றே போனில் சொல்ல வேண்டும். இரண்டு பருவங்களாக இது ஓடுகிறது. சண்டை வராமல் இல்லை, ஆனாலும் சொல்கிறார்கள். வாய்க்காலின் தலைப்பில் இருக்கும் பெரிய பண்ணை மட்டும் இன்னும் சேரவில்லை. அவர் தண்ணீர் முதலில் எடுப்பவர், அதனால் கீழே நடப்பது அவரைத் தொடுவதில்லை. அடுத்த கூட்டத்தை அவருடைய ஷெட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறோம். வரச் சொல்லியிருக்கிறார்.