செஸ்டர் ரானுல்ஃபைத் துரோகி என்று சொல்வதற்கு முன்

12-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசர் ஸ்டீவனுக்கும், அரியணைக்கு உரிமை கேட்ட மட்டில்டாவுக்கும் நடந்த உள்நாட்டுப் போரைப் பற்றி எதைப் படித்தாலும், செஸ்டர் பிரபு ரானுல்ஃப் வருகிற இடத்தில் 'கட்சி மாறி' என்ற பட்டமும் கூடவே வந்துவிடுகிறது. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. அவர் மாறினார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு யார்தான் மாறவில்லை? முந்தைய அரசர் முதலாம் ஹென்றி உயிரோடு இருந்தபோது அவர் மகள் மட்டில்டாதான் வாரிசு என்று சத்தியம் செய்துகொடுத்த பிரபுக்கள், 1135-இல் அவர் கண்ணை மூடியதும் அவருடைய சகோதரி மகன் ஸ்டீவன் பக்கம் போனார்கள். சத்தியம் செய்தவர்களில் ஸ்டீவனும் ஒருவர்!

ரானுல்ஃபைப் புரிந்துகொள்ள அவர் சொத்துக் கணக்கைப் பார்க்க வேண்டும். அவர் அப்பாவிடம் ஸ்காட்லாந்து எல்லையில் கார்லைல் இருந்தது. 1120-இல் 'வெள்ளைக் கப்பல்' என்ற பெயர் கொண்ட கப்பல் மூழ்கி, ஹென்றியின் மகனான இளவரசரோடு செஸ்டர் பிரபுவும் இறந்துபோக, உறவுமுறையில் செஸ்டர் அப்பாவுக்கு வந்தது, ஆனால் கார்லைலை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. அந்த ஊரைத்தான் 1136-இல் ஸ்டீவன் சமாதானத்துக்காக ஸ்காட்லாந்து அரசர் டேவிட்டின் மகனுக்குத் தூக்கிக் கொடுத்தார். இந்தக் காயம் ரானுல்ஃபுக்குக் கடைசிவரை ஆறவில்லை என்றே நினைக்கிறேன்.

அப்புறம் லிங்கன். அம்மா வழியில் அங்கிருந்த கோட்டைமேல் அவருக்கும், அதே அம்மாவுக்கு வேறு கணவர் மூலம் பிறந்த சகோதரர் வில்லியமுக்கும் உரிமை இருப்பதாக நினைத்தார்கள். 1140-இன் கடைசியில் இருவருடைய மனைவிமாரும் கோட்டைக் காவலரின் மனைவியைப் பார்க்கப் போய், உட்கார்ந்து பேசிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். மனைவியை அழைத்துப்போக வந்தவர் போல ரானுல்ஃப் ஆயுதமோ போர் உடையோ இல்லாமல் வருகிறார், கூட மூன்றே வீரர்கள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. உள்ளே நுழைந்ததும் கைக்குக் கிடைத்த ஆயுதங்களை எடுத்துக் காவலர்களைத் துரத்திவிட்டு, வெளியே காத்திருந்த சகோதரரின் ஆட்களை உள்ளே விட்டுவிட்டார்கள்.

ஸ்டீவன் வந்து முற்றுகையிட்டதும் ரானுல்ஃப் மனைவியைக் கோட்டையிலேயே விட்டுவிட்டுத் தப்பி ஓடி, மட்டில்டாவின் பெரும்பலமாக இருந்த தன் மாமனார் குளோஸ்டர் ராபர்ட்டிடம் போனார். அவர்கள் படையோடு 1141 பிப்ரவரி 2 அன்று லிங்கனில் நடந்த போரில், கூட வந்த பிரபுக்கள் ஓடிப்போன பிறகும் ஸ்டீவன் வாள் முறியும்வரை, பிறகு கோடரி முறியும்வரை நின்று சண்டை போட்டார். ஒரு கல் தலையில் பட்டு விழுந்த பிறகுதான் பிடிபட்டார். ஸ்டீவனைப் பிடிக்காதவர்கள்கூட இந்த இடத்தில் அவரை மதிக்காமல் இருக்க முடியாது.

ஆனால் அதே ஸ்டீவன் பின்னாளில் செய்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. கைதிகள் பரிமாற்றத்தில் ஸ்டீவன் விடுதலையாகியிருந்தார். 1146-இல் ரானுல்ஃப் மறுபடி தன்னிடம் வந்து, பெட்ஃபோர்டைப் பிடிக்க உதவி, மட்டில்டா பக்கத்துக் கோட்டையான வாலிங்ஃபோர்டைத் தாக்க 300 குதிரை வீரர்களோடு வந்து நின்ற பிறகும், நார்தாம்ப்டனில் அரசவையில் வைத்தே அவரைக் கைது செய்தார். வெல்ஷ்காரர்களுக்கு எதிராக உதவி கேட்கப் போனவர் அவர். லிங்கன் உள்ளிட்ட கோட்டைகளைக் கொடுத்த பிறகுதான் வெளியே விட்டார்கள். இதற்குப் பிறகு அவர் திரும்பவும் எதிர்ப்பக்கம் போனதற்குத் துரோகம் என்று பெயர் வைப்பது எந்த நியாயம்?

எனக்கு மிகவும் பிடித்தது அவரும் லெஸ்டர் பிரபு ராபர்ட்டும் 1150-ஐ ஒட்டிச் செய்துகொண்ட உடன்படிக்கை. இருவரும் வேறு வேறு பக்கம். தன் அரசர் கட்டளையிட்டு ஒருவர் மற்றவர்மேல் படையெடுத்தே ஆகவேண்டும் என்றால் 20 வீரர்களுக்கு மேல் கூட்டிப்போகக் கூடாது, அதில் எடுத்த பொருளை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், சண்டைக்கு 15 நாள் முன்பே சொல்லியனுப்ப வேண்டும். அரசருக்குக் கொடுத்த வாக்கையும் விடாமல் பக்கத்து நிலத்துக்காரரையும் அழிக்காமல் இருக்க வழி தேடிய இரண்டு பேர். இதை எழுதி வாங்கியவரையா எதற்கும் கட்டுப்படாதவர் என்கிறார்கள்?

1149-இல் கார்லைலுக்கே போய், டேவிட்டோடு சமாதானம் பேசி, லங்காஸ்டர் நிலங்களை ஏற்றுக்கொண்டு அந்த ஊர்மேல் இருந்த உரிமையை விட்டுவிட்டார். 1153 டிசம்பரில் இறந்தார், வில்லியம் பெவரல் என்பவர் விஷம் வைத்ததாகப் பேச்சு. மகன் ஹியூவுக்கு அப்போது சின்ன வயது. நான்கே வருடம் கழித்து, 1157-இல், இரண்டாம் ஹென்றி கார்லைலை ஸ்காட்லாந்திடமிருந்து திரும்ப வாங்கினார். ஹியூவுக்குக் கொடுக்கவில்லை, தானே வைத்துக்கொண்டார்.