இடைவேளையில் மாற்றப்பட்ட ஜேலன்

எங்கள் கல்லூரி மைதானத்தைப் பற்றி என்னைவிட உரிமையோடு எழுதக்கூடியவர்கள் இந்த மலரில் பலர் இருக்கிறார்கள். அணிக்காக ஆடிய அண்ணாமார் அதைச் செய்யட்டும். நான் எழுத விரும்புவது, கல்லூரியை விட்டுப் போனபின் பொறியியல் மேற்படிப்புக் காலத்தில் அருகிலிருந்து பார்த்த ஒரு பயிற்றுநரைப் பற்றி. அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தில் நான் இருந்தது, அதன் அமெரிக்க உதைபந்தாட்ட அணிக்கு நிக் சேபன் தலைமைப் பயிற்றுநராக இருந்த காலத்தில். தேசிய இறுதி ஆட்டமொன்றின் இடைவேளையில் அவர் தன் குவாட்டர்பேக் ஜேலன் ஹேர்ட்ஸை மாற்றினார். அதைத் துணிச்சல் என்று இன்றும் புகழ்கிறார்கள். துணிச்சல் இருந்தது உண்மைதான். ஆனால் அந்த ஒரு இரவின் துணிச்சலால் மட்டும் அது நடந்திருக்காது என்பது என் எண்ணம்.

அமெரிக்க உதைபந்தாட்டம் பழக்கமில்லாத வாசகர்களுக்கு இரண்டு வரி. அணிக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 யார் தூரம் முன்னேற வேண்டும், இல்லையென்றால் பந்து கைமாறும். ஒவ்வொரு முயற்சியும் சில விநாடிகளில் முடிந்துவிடும். பந்து முதலில் குவாட்டர்பேக்கின் கைக்கு வரும். எறிவதா, பக்கத்தில் ஓடுபவனிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று அந்தக் கணத்தில் தீர்மானிப்பவர் அவர். மற்ற இடங்களுக்கு ஆட்களை மாற்றி மாற்றி இறக்கலாம். இந்த இடத்தில் ஒருவர் ஆடினால் இன்னொருவர் உட்கார்ந்திருக்கத்தான் வேண்டும்.

பல்கலைக்கழகம் இருக்கும் டஸ்கலூசா நகரத்தின் சனத்தொகை ஏறக்குறைய ஒரு இலட்சம். அங்குள்ள பிரையன்ட்-டெனி அரங்கில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அமரலாம். ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் பல்கலைக்கழகத்தின் நடுப் புல்வெளி முழுவதும் கூடாரங்கள் முளைத்துவிடும். கடையில் காசு கொடுத்துவிட்டுத் திரும்பினாலும் அணியின் கோஷமான 'ரோல் டைட்' என்றுதான் வழியனுப்புவார்கள். டெனி மணிக்கூண்டின் அடியில் அணித்தலைவர்களின் கைத்தடமும் கால்தடமும் சிமெந்தில் பதிந்திருக்கும். முதல் மாதத்தில் இதெல்லாம் எனக்கு மிகையாகத் தெரிந்தது. இரண்டாம் ஆண்டில் நானும் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

அந்த அரங்கிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் ஃபோஸ்டர் மண்டபம் இருக்கிறது. 1963 ஜூன் 11 அன்று விவியன் மலோன், ஜேம்ஸ் ஹூட் என்ற இரண்டு கறுப்பின மாணவர்கள் பதிவுசெய்ய வந்தபோது, மாநில ஆளுநர் ஜோர்ஜ் வொலஸ் அந்த வாசலில்தான் வழிமறித்து நின்றார். உதைபந்தாட்ட அணியிலும் அதே கதைதான். புலமைப்பரிசில் பெற்ற முதல் கறுப்பின வீரரான வில்பர் ஜாக்சன் சேர்க்கப்பட்டது 1970இல். இலங்கையில் பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தல் காலத்தை அனுபவித்த பெற்றோருக்குப் பிறந்த எனக்கு அந்த வாசலை வெறும் கட்டடமாகப் பார்க்க முடியவில்லை. யாரைச் சேர்க்கிறார்கள் என்ற கேள்வியிலிருந்துதான் ஒரு அணியைப் பார்க்கத் தொடங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அங்கேதான்.

சேபன் மேற்கு வெர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் வளர்ந்தவர். தகப்பன் ஒரு பெற்றோல் நிலையம் வைத்திருந்தார். சிறுவர் அணி ஒன்றையும் அவரே பயிற்றுவித்தார். நிலையத்தில் கார் கழுவுவது மகனின் வேலை. துடைத்த இடத்தில் கோடு தெரிந்தால் முழுக் காரையும் மறுபடி கழுவ வேண்டும். கோடு பளிச்சென்று தெரியும் என்பதால் நீல, கறுப்புக் கார்கள் வந்தாலே வெறுப்பாக இருக்கும் என்று அவரே சொல்லியிருக்கிறார். பின்னாளில் மிச்சிகன் ஸ்டேட்டில் பயிற்றுநராக இருந்தபோது லயனல் ரோசன் என்ற மனநலப் பேராசிரியரின் ஆலோசனை அவருக்குக் கிடைத்தது. ஒரு முயற்சி சுமார் ஏழு விநாடி. அந்த ஏழு விநாடியை மட்டும் பார், புள்ளிப் பலகையைப் பார்க்காதே. 1998இல் முதலிடத்தில் இருந்த ஒஹாயோ ஸ்டேட்டை அந்த அணி 28-24 என்று வென்றது. அதன்பின் அந்த முறையை அவர் கைவிடவே இல்லை.

2007இல் அலபாமாவுக்கு வந்தார். முதல் பருவத்தில் 7 வெற்றி, 6 தோல்வி. பெயர் தெரியாத லூசியானா-மன்றோவிடமும் தோற்றார்கள். அடுத்த பெப்ரவரியில் அவர் சேர்த்த பொடியள்தான் எல்லாவற்றையும் மாற்றினார்கள். ஜூலியோ ஜோன்ஸ், மார்க் இங்ரம், டோன்டா ஹைட்டவர் எல்லோரும் அந்த ஒரே தொகுதி. 2009இல் தேசியக் கிண்ணம் வந்தது. ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்குக் கொடுக்கும் ஹைஸ்மன் விருதை அலபாமாவுக்காக முதலாவதாக வாங்கியவர் இங்ரம்.

ஆள் சேர்ப்பது அங்கே ஆண்டு முழுவதும் நடக்கும் வேலை. ஒரு அணிக்கு அப்போது 85 புலமைப்பரிசில்கள்தான். ஒவ்வொரு இடத்துக்கும் உயரம், எடை, வேகம் என்று சேபன் அளவு வைத்திருந்தார். பயிற்றுநர்கள் 17 வயதுப் பையன்களின் வீட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்து தாய் தகப்பனோடு பேசுவார்கள். 2008இல் தலைமைப் பயிற்றுநர்கள் வசந்தகாலத்தில் இப்படி வெளியே போகக்கூடாது என்று விதி வந்தது. அதற்கு 'சேபன் விதி' என்றே பெயர் விழுந்தது. அவர் காணொளி அழைப்பில் பேசத் தொடங்கிவிட்டார். ஆடும் இடத்தை உறுதியளிக்கமாட்டேன், அதற்குப் போட்டியிட வழி தருவேன் என்பதுதான் அவர் பகிரங்கமாகவே சொல்லிவந்தது.

இதில் எனக்கு உறுத்தும் பக்கமும் உண்டு. இருக்கும் இடங்களைவிட அதிகமான பையன்களை ஒப்பமிடவைத்துவிட்டு, பழையவர்கள் சிலரை மருத்துவக் காரணம் காட்டி ஒதுக்கினார்கள் என்ற குற்றச்சாட்டு அலபாமா மீது வலுவாக எழுந்தது. அலபாமா ஆடும் லீக்கே பின்னர் ஆண்டுக்கு 25 ஒப்பந்தம் என்று கட்டுப்பாடு வைத்தது. அப்படி ஒதுக்கப்பட்ட பையன்களை நினைத்தால், சேபனைப் பற்றிய புகழ்மாலைகள் சிலவற்றை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை.

ஜேலன் ஹேர்ட்ஸ் 2016இல் வந்தார். டெக்சஸின் சனல்வியூ ஊர். தகப்பனே அவருடைய பாடசாலைப் பயிற்றுநர். 18 வயது. யூஎஸ்சி எனப்படும் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துக்கு எதிரான முதல் ஆட்டத்தில் உள்ளே இறங்கிய முதல் முயற்சியிலேயே பந்தைத் தவறவிட்டார். சேபன் அவரை வெளியே எடுக்கவில்லை. ஆட்டம் 52-6 என்று முடிந்தது. அன்றிலிருந்து இடம் அவருடையது. அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டமான தேசிய இறுதியில் கிளெம்சன் பல்கலைக்கழகத்துக்கு எதிராக, இரண்டு நிமிடம் மீதமிருக்க 30 யார் ஓடி அலபாமாவை முன்னிலைக்குக் கொண்டுவந்தவரும் அவரே. ஒரு விநாடி மீதமிருக்கக் கிளெம்சனின் டெஷோன் வொட்சன் அதைப் பறித்துவிட்டார். 35-31. ஹேர்ட்ஸ் தொடக்க வீரராக இறங்கிய 28 ஆட்டங்களில் அலபாமா 26ஐ வென்றது. பேச்சுக் குறைவு, முகத்தில் எதுவும் தெரியாது. எங்கள் ஆய்வுகூடத்தில் அவரைப் பிடிக்காதவர் ஒருவரும் இருக்கவில்லை.

இப்படி ஒருவர் கையில் இருக்கும்போதே சேபன் ஹவாயிலிருந்து துவா தங்கோவைலோவாவைக் கொண்டுவந்தார். சமோவா வம்சத்துப் பையன், இடதுகைக்காரர், பந்தை எறிவதில் ஹேர்ட்ஸைவிடத் தேர்ந்தவர். 2017 ஜனவரியிலேயே வந்து வசந்தகாலப் பயிற்சியில் சேர்ந்துவிட்டார். அதே தொகுதியில் மெக் ஜோன்ஸ் என்ற மூன்றாவது குவாட்டர்பேக்கும் வந்தார். வென்றுகொண்டிருக்கும் பையன் மனம் நோகுமே என்று வேறு பயிற்றுநர்கள் தயங்கியிருப்பார்கள். சேபனுக்கு அந்தத் தயக்கம் இருக்கவில்லை.

2018 ஜனவரி 8, அட்லாண்டா, தேசிய இறுதி ஆட்டம். எதிரணி ஜோர்ஜியா. அதன் பயிற்றுநர் கேர்பி ஸ்மார்ட், சேபனிடம் பல ஆண்டுகள் தற்காப்புப் பயிற்றுநராக இருந்தவர். ஹேர்ட்ஸ் எப்படி ஓடுவார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். இடைவேளையில் ஜோர்ஜியா 13-0. ஹேர்ட்ஸ் எறிந்த எட்டில் மூன்றுதான் சேர்ந்தன, மொத்தம் 21 யார். நாங்கள் டஸ்கலூசாவில் ஒரு நண்பரின் அறையில் இருந்தோம். இரண்டாம் பாதியில் 13ஆம் இலக்கச் சட்டை களத்துக்குள் வருவதைப் பார்த்ததும் அறையில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். சிலருக்குக் கோபம். இரண்டு வருடம் சுமந்தவனை இந்த இரவிலா என்று ஒருவர் கத்தினார்.

துவா ஒரு டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்தால் கிடைக்கும் ஆறு புள்ளி) எறிந்தார். பிறகு மிக மோசமான ஒரு எறிதலை எதிரணிக்கே கொடுத்தார். சேபன் முகம் சிவந்தது, ஆனால் ஆளை மாற்றவில்லை. ஹேர்ட்ஸுக்கு 2016இல் செய்த அதே காரியம். நான்காம் முயற்சியில் கல்வின் ரிட்லிக்கு எறிந்த பந்து 20-20 ஆக்கியது. மேலதிக நேரத்தில் ஜோர்ஜியா மூன்று புள்ளி எடுத்தது. அலபாமாவின் முதல் முயற்சியில் துவா 16 யார் பின்னால் போய் விழுந்தார். அடுத்த முயற்சியிலேயே 41 யார் தூரத்துக்கு எறிந்தார். டெவொன்டா ஸ்மித் பிடித்தார். 26-23. எறிந்தவர் முதலாண்டு மாணவர், பிடித்தவர் முதலாண்டு மாணவர், காயப்பட்டவருக்குப் பதிலாக இடப்பக்கத்தைக் காத்த அலெக்ஸ் லெதர்வூட்டும் முதலாண்டு மாணவர். இதைத்தான் முதலிலேயே சொல்ல நினைத்தேன். இடைவேளை அறையில் சேபன் எடுத்த முடிவு, ஒரு வருடம் முந்திய சேர்ப்பிலேயே பாதி எடுக்கப்பட்டுவிட்டது. அந்தப் பையன்கள் அங்கே இருந்திராவிட்டால் மாற்றுவதற்கு ஆளே இருந்திராது.

அந்த இரவில் எனக்கு மறக்காதது ஹேர்ட்ஸ். களத்தோரத்தில் நின்று துவாவுக்குக் கைதட்டினார், சிரித்தார், முடிந்ததும் கட்டிப்பிடித்தார். பத்தொன்பது வயதுப் பிள்ளை, கோடிக்கணக்கானோர் பார்க்க. அதைப் பார்த்துத்தான் எனக்குக் கண் கலங்கியது, வெற்றியைப் பார்த்து அல்ல.

பிறகு வந்த வருடம்தான் கடினமானது. 2018 செப்டெம்பரில் முதல் ஆட்டம் முடிந்தவுடன் தொலைக்காட்சி நிருபர் ஒருவர் குவாட்டர்பேக் யார் என்று கேட்க, சேபன் அவர் மேல் பாய்ந்துவிட்டார். இருவருமே நல்ல ஆட்டக்காரர்கள், ஒருவரை மதிக்காமல் பேச ஏன் என்னைத் தூண்டுகிறீர்கள் என்பதுதான் அவருடைய கோபம். அந்தப் பெண் அவருடைய வேலையைத்தான் செய்தார். சேபன் பின்னர் மன்னிப்புக் கேட்டார். பாய்ந்தது பிழை. ஆனால் அந்தக் கோபத்துக்குள் இருந்த கவலை எனக்குப் பிடித்திருந்தது.

இடம் துவாவுக்குப் போனது. அந்த ஆண்டு வந்த புதிய விதிப்படி, நான்கு ஆட்டங்களோடு நிறுத்திக்கொண்டால் ஹேர்ட்ஸ் ஒரு பருவத்தை மிச்சம்பிடிக்கலாம். கிளெம்சனில் இடமிழந்த கெல்லி பிரையன்ட் அந்த வாரத்தில் அப்படியே விலகினார். அவரை நான் குறை சொல்லமாட்டேன், அது அவருடைய உரிமை. ஹேர்ட்ஸ் ஐந்தாவது ஆட்டத்திலும் இறங்கினார். டான் ஈனோஸ் என்ற பயிற்றுநரிடம் எறிதலைத் திருத்திக்கொண்டே இருந்தார். பட்டத்தை முடிக்க வேண்டும் என்ற எண்ணமும் அவருக்கு இருந்தது. பட்டம் இல்லாமல் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால் அப்போது ஒரு வருடம் ஆட முடியாது என்பதையும் மறைக்கக்கூடாது. இன்று அந்தத் தடை இல்லை. இன்றென்றால் அவர் போயிருக்கவும் கூடும்.

டிசெம்பர் 1, லீக்கின் இறுதி ஆட்டம், அதே அட்லாண்டா அரங்கு, அதே ஜோர்ஜியா. 28-21 என்று அலபாமா பின்னால் நிற்க, நான்காம் கால்பகுதியில் துவாவின் கணுக்கால் போய்விட்டது. ஹேர்ட்ஸ் உள்ளே வந்தார். ஜெரி ஜூடிக்கு எறிந்து சமப்படுத்தினார். ஒரு நிமிடமும் நான்கு விநாடிகளும் மீதமிருக்கத் தானே 15 யார் ஓடி முடித்தார். 35-28. எங்கள் அறையில் பதினொரு மாதத்துக்கு முன் சேபனைத் திட்டியவர்தான் அன்று அதிகம் அழுதார். அந்த மாதமே ஹேர்ட்ஸ் பட்டம் பெற்றார். அந்தப் பருவத்தின் தேசியக் கிண்ணத்தை அலபாமா எடுக்கவில்லை, இறுதி ஆட்டத்தில் கிளெம்சன் 44-16 என்று நொறுக்கியது.

ஹேர்ட்ஸ் ஒக்லஹோமா பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஹைஸ்மன் வாக்களிப்பில் இரண்டாமிடம் வந்தார். 2019இல் துவாவின் இடுப்பு உடைந்தபோது, எல்லோரும் மறந்திருந்த மெக் ஜோன்ஸ் இறங்கினார். 2020 பருவத்தில் தோல்வியே இல்லாமல் கிண்ணத்தை வென்றார். ஒரே அறையில் இருந்து ஒரே பாடத்தைப் படித்த மூவரும் பின்னர் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் அணிகளில் தொடக்க வீரர்களானார்கள். 2025 பெப்ரவரியில் ஹேர்ட்ஸ் ஆடிய ஃபிலடெல்ஃபியா அணி அந்த லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் போலை வென்றபோது சிறந்த வீரர் அவரே. அந்த ஆட்டத்தில் அவர் 46 யார் தூரம் எறிந்த டச்டவுனைப் பிடித்தவர் யார் தெரியுமா, அட்லாண்டாவில் துவாவின் பந்தைப் பிடித்த அதே டெவொன்டா ஸ்மித்.

எங்கள் கல்லூரிக்கு முழுநேரப் பயிற்றுநர் ஒருவரை நியமிக்கப் பணம் சேர்ப்பது பற்றிப் பழைய மாணவர் சங்கத்தில் பேச்சு நடக்கிறது. நல்ல காரியம், என் பங்கும் வரும். ஒரு வேண்டுகோள் மட்டும். நான் படித்த காலத்தில் முதற்பதினொருவர் பட்டியல் ஒட்டப்பட்ட மறுநாளே, பெயர் வராத பொடியள் பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிடுவார்கள். அவர்களைத் தேடிப் போனவரும் இல்லை. சப்பாத்து, சிற்றுண்டி, பேருந்துச் செலவு மூன்றையும் பட்டியலில் இல்லாதவர்களுக்கும் பருவம் முடியும்வரை சங்கமே கொடுக்க வேண்டும். நியமனக் கடிதத்திலேயே அதை எழுதிவிடுங்கள்.