தெற்காசியாவில் எத்தனை நாடு? ஒரு புவியியல் ரெக்கார்டு பட்ட பாடு

எம்.எஸ்சி. புவியியலில் உலகப் பிராந்தியங்கள் பேப்பர் எடுக்கப் போகிறீர்களா? பாடம் ஒன்றும் கஷ்டமில்லை. யாருடைய பட்டியலை வைத்துத் திருத்துவார்கள் என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ரெக்கார்டு (வரைபடமும் அட்டவணையும் போட்டுத் தருகிற செய்முறை ஏடு) எழுத எனக்குக் கிடைத்தது தெற்காசியா. ஐ.நா. புள்ளிவிவரப் பிரிவின் பட்டியலை எடுத்துக்கொண்டேன்; அதில் ஈரானையும் சேர்த்து 9 நாடுகள். கைடு பார்த்துத் தலையாட்டினார். ரிவ்யூவில் உட்கார்ந்த இன்னொரு பேராசிரியர், "ஈரான் எப்படிம்மா தெற்காசியா ஆகும்? சார்க்ல எட்டுதானே?" என்று சிவப்புப் பேனாவால் அந்த வரிசையையே அடித்துவிட்டார். சார்க் என்பது தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பு. ஈரான் போனால் மொத்தப் பரப்பு மாறும், மக்கள் அடர்த்தி மாறும், அதை வைத்து நிழலிட்ட வரைபடத்தின் வகுப்பு இடைவெளியும் (எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை ஒரே நிழல் என்பது) மாறும். தலையாட்டிய கைடு பக்கத்திலேயேதான் இருந்தார். வாயைத் திறக்கவில்லை.

போதாக்குறைக்கு, உலக வங்கி 2025-இல் ஆப்கானிஸ்தானையும் பாகிஸ்தானையும் தெற்காசியாவிலிருந்து எடுத்து மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்கப் பிரிவோடு சேர்த்துவிட்டது. சீனியரிடம் வாங்கிய எக்செல் ஷீட்டும் இன்று இறக்குகிற ஷீட்டும் ஒத்துப்போகாது. அதனால் ரெக்கார்டின் முதல் பக்கத்திலேயே எந்த நிறுவனத்தின் பட்டியல், எந்த ஆண்டு என்று எழுதி, அதன் கீழேயே கைடின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். வாய்வார்த்தை ரிவ்யூவில் நிற்காது.

அட்டவணைகளை மறுபடி போட்டு, பிரிண்ட், பைண்டிங் எல்லாம் முடித்தாயிற்று. அலுவலகத்தில் சீல் போடுகிறவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "காஷ்மீர் வெட்டுப்பட்டிருக்கு, பிரிச்சு மாத்திட்டு வாங்க" என்று திருப்பித் தள்ளினார். அவர் சொன்னது சட்டப்படி சரிதான். மத்திய அரசின் வரைபட நிறுவனமான சர்வே ஆஃப் இந்தியாவின் வரைபடத்தோடு ஒத்துப்போகாத இந்திய எல்லையை வெளியிட்டால், 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 6 மாதம் வரை சிறைகூட உண்டு. ஆனால் எங்கள் லேபில் எல்லாருக்கும் காப்பி பண்ணிக் கொடுத்ததே நேச்சுரல் எர்த் என்ற வரைபடத் தரவுத் தொகுப்பின் ஃபைல்தானே! அதன் வழக்கமான ஃபைலில் எந்த நாட்டின் கையில் எது இருக்கிறதோ அப்படித்தான் கோடு போட்டிருப்பார்கள். ஐந்தாம் பதிப்பிலிருந்து இந்தியாவின் பார்வையில் வரைந்த எல்லை ஃபைலும் தனியாகக் கிடைக்கிறது. கியூஜிஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளில் அதைப் போட்டு வரையுங்கள்.

பைண்டிங் கடை அண்ணன் பிளேடால் முதுகுத் துணியைக் கீறி, பசை காய்ந்த தாள்களைக் கிழியாமல் ஒவ்வொன்றாக உரித்த நேரத்தில் எனக்கு உயிரே இல்லை. கூலியையும் இன்னொரு தடவை வாங்கிக்கொண்டார்.

வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு, அரை மணி நேரத்தில் முடிந்தது. "மியான்மரை ஏன் விட்டீர்கள்?" என்றார் வெளியிலிருந்து வந்த தேர்வாளரான எக்ஸ்டர்னல். 1937 வரை அது பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம், 1997-இல் தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானில் சேர்ந்தது, ஐ.நா. கணக்கில் தென்கிழக்கு ஆசியா. பருவமழையையும் நெல்லையும் வைத்துப் பிரித்தால் வங்கதேசத்தோடு ஒரே பிராந்தியத்தில் வரும் என்றேன். "அப்போ பிராந்தியம்கிறது நாம போடற கோடுதான், இல்லையா?" என்று சிரித்தார். ஈரானை அடித்தவரும் அதே மேசையில்தான் இருந்தார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக ஒன்று: கலர் பிரிண்டில் உங்களுக்கென்று ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். துறையில் கொடுத்தது திரும்பி வரும் என்று நம்ப வேண்டாம். என்னுடையது எந்த பீரோவில் இருக்கிறதோ!